தலையில் தட்டுவதற்கான குறியீடு

அந்தக் கூடத்தில் நோயாளிக் குறிப்பின் முதல் கட்டத்தை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. அப்படி ஒரு விதியை எவரும் எழுதி ஒட்டவில்லை. சேர்ந்தவுடன் நடக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே அதைக் கற்றுக்கொண்டார்கள், அறிமுகமில்லாத வீட்டில் செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்காமலே தெரிந்துகொள்வதைப் போல.

மற்றபடி அது வாயடங்கிய கூடமல்ல. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்தளம். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய குறியீட்டை இடுவது அங்கிருந்தவர்களின் தொழில். கோடிங் என்றால்தான் ஊருக்குப் புரியும். பிலோமினாவின் பிரிவுக்கு வந்தவை எல்லாம் குழாய்வழி உணவு பெறுகிறவர்களின் குறிப்புகள். மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ இறக்கிய குழாய் அடைத்துக்கொள்ளும், நழுவும், துளையோரம் சீழ் கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். சந்தேகம் வந்தால் மேசைக்கு மேசை குரல் கொடுத்துக்கொள்வார்கள். "ஆல் இருக்கா?" என்பது அங்கே ஓயாமல் கேட்கும் கேள்வி. ஆங்கிலக் குறிப்பில் 'due to' என்று வருவதை அவர்கள் ஆல் என்பார்கள். குழாய் இருக்கையில் காய்ச்சல் என்று மருத்துவர் எழுதியிருந்தால் அது வெறும் காய்ச்சல். குழாயினால் காய்ச்சல் என்று எழுதியிருந்தால்தான் அது குழாயின் சிக்கல். ஒரு நோயாளியின் கதி முழுவதும் ஒரு வேற்றுமை உருபில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பிலோமினா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேடிக்கையாக நினைத்ததுண்டு.

முதல் கட்டம் வேறு வகை. கட்டிலருகே உட்கார்ந்து குறிப்பு எழுதும் வழக்கம் ஒழிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது குழாயே எழுதியது. அதன் மேல்தோலில் பதித்திருந்த மெல்லிய உணரிகள் வயிற்றின் அழுத்தத்தை எழுதின, பாலின் வேகத்தை எழுதின, தொண்டை வழியே இறங்கும் இடத்தில் நாவும் குரல்வளையும் அசையும் அசைவையும் எழுதின. பேச்சிழந்தவர்களும் பேச முயல்வதை நிறுத்துவதில்லை. சத்தமில்லாத அந்த அசைவுகளை இயந்திரம் சொற்களாக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து, 'நோயாளி கூறுவது' என்ற முதல் கட்டத்தில் நிரப்பியது. எந்த மொழியிலிருந்து பெயர்த்தது என்று அது சொல்வதில்லை. பெயர், ஊர், நாடு எல்லாம் நீக்கப்பட்டே குறிப்புகள் வந்தன. அவை கடல்கடந்த மருத்துவமனைகளிலிருந்து வருவதாகக் கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

கண்கள் அந்தக் கட்டத்தின் மீது போகத்தான் செய்தன. போகாமல் எப்படி இருக்கும்? 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்.' 'இன்று என்ன கிழமை?' 'உப்பு வேண்டும்.' படித்த கண் உடனே கீழே இறங்கிவிடும். அதற்குரிய குறியீட்டை மென்பொருளே பரிந்துரைக்கும். ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினால் போதும். வாய்விட்டுப் படித்தால் அது ஒரு மனிதரின் குரலாகிவிடும் என்ற பயமோ என்னவோ, அந்த வரிகள் மட்டும் எவருடைய காதிலும் விழாமல் கூடத்தைக் கடந்துபோயின.

அப்படிக் கடந்துபோகாத ஒரு வரி பிலோமினாவுக்கு வாய்த்தது. சில வாரங்களாக அவள் திரைக்கே திரும்பத் திரும்ப வந்த ஒரு குறிப்பு: பெண், பக்கவாதம், மூக்குவழிக் குழாய். முதல் கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள். 'யாரோ ஒருவர் என்னைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருக்கிறார். என் தலையில் எவரும் அடிப்பதில்லை.'

முதல் வாக்கியத்துக்கு மென்பொருள் பரிந்துரைத்தது பிரமை. இரண்டாவதற்கு, தலைக்காயம் இல்லை என நோயாளி தெரிவிக்கிறார் என்ற விளக்கம். பிலோமினா இரண்டையும் ஏற்றாள். எழுதப்பட்டதை எழுதப்பட்டபடி எடுத்துக்கொள்வதுதான் அந்தத் தொழிலின் ஒழுக்கம், ஊகிப்பது குற்றம். ஆனால் அந்த வாக்கியங்கள் அவளோடு வீட்டுக்கு வந்தன. அரிசி களையும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, கோவிலில் நற்கருணைக்குப் பின்னான மௌனத்தில், கூட்டத்துக்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து தெரிந்த யாரோ கூப்பிட்டுவிட்டு மறைந்துகொண்டதைப் போல ஒரு திடுக்கம். தலையில் அடிப்பதில்லை என்பதைப் போய் ஒருவர் குறையாக ஏன் சொல்ல வேண்டும்? அந்த வாக்கியத்தில் இருந்தது நிம்மதியல்ல, ஏக்கம் என்று அவளுக்குப் பட்டது. பட்டதற்குக் குறியீடு கிடையாது.

முடிச்சு அவிழ்ந்தது தேநீர் இடைவேளையில். பிரிவின் தலைவர் குலசேகரன் வாய்நிறைய மெதுவடையோடு மேலிடத்தின் புதிய இலக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று கண்கள் பிதுங்க இருமத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பர்வீன் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு அவர் உச்சந்தலையில் படபடவென்று தட்டினாள். மேலதிகாரியின் தலையில் கைவைக்க ஓர் ஊழியருக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. அவள் அதை வீணாக்கவில்லை.

"யாரோ நெனைக்கிறாங்க சார். வீட்டுலயா, ஹெட் ஆபீசா?"

குலசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஹெட் ஆபீஸ் நெனைச்சா புரை ஏறாதும்மா. நெஞ்சுதான் அடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. தேநீர் அவள் விரல்களைச் சுட்டுக்கொண்டிருந்தது, அதுகூட உறைக்கவில்லை.

யாரோ நினைக்கிறார்கள். யாரும் தலையில் தட்டவில்லை.

அடியல்ல, தட்டு. சிந்தித்தல் அல்ல, நினைத்தல். தமிழில் ஒருவருக்குப் புரையேறினால், புரையேறிவிட்டது என்று அவர் சொல்வதற்குள் பக்கத்திலிருப்பவர் யாரோ நினைப்பதாகச் சொல்லித் தலையில் தட்டிவிடுவார். நோயையும் மருந்தையும் சேர்த்தே அந்தப் பெண் சொல்லியிருந்தாள்: பால் மூச்சுக்குழலுக்குள் போகிறது, உதவிக்கு ஒரு கை இல்லை. இயந்திரம் சொற்களைப் பெயர்த்தது, வழக்கத்தைப் பெயர்க்க அதற்குத் தெரியவில்லை. தமிழர்களால் நிறைந்த ஒரு கூடத்தில் அந்த வரி ஆங்கில உடையில் வந்து, தன்னை அடையாளம் கண்டுகொள்ளச் சொல்லி, அடையாளம் காணப்படாமல் நின்றிருந்தது. ஒரே ஒரு முறை யாராவது அதை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். மந்தமான காதுக்குக்கூட உள்ளே இருந்த தமிழ் கேட்டிருக்கும்.

அவள் இருக்கைக்குத் திரும்பிக் குறியீட்டுத் தொகுப்பில் தேடிப் பார்த்தாள். தலை என்பதன் கீழ் அடிபடுதல், மோதுதல், விழுதல், தாக்கப்படுதல் எல்லாம் இருந்தன. தட்டுவதற்குக் குறியீடு இல்லை.

குலசேகரனின் கண்ணாடி அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் அல்ல, இரண்டு பக்கமும் சுவர் நெருக்கும் சந்தில் வண்டி ஓட்டுகிறவரின் ஜாக்கிரதை அவரிடம் எப்போதும் இருந்தது. புரையேற்றம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். முதல் கட்டத்தில் என்று அவள் சொன்னதும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அதை மெஷின் நிரப்புது, பிலோமினா. காலியா விட்டா சட்டம் ஒத்துக்காதுன்னு நிரப்புது. தொண்டை துடிக்கிறதெல்லாம் பேச்சாயிடுமா?"

"பேச்சு இல்லேன்னா அதுலேர்ந்து பிரமைன்னு மட்டும் எப்படி சார் குறியீடு எடுக்குறோம்?"

அவர் பேனாவைத் திறந்து மூடினார். நோயாளி கடல்கடந்து எங்கோ இருப்பவர், அவர் தமிழ் பேசுகிறவர் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். தமிழர் இல்லாத நாடு எது என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு அவள் குரல் தணிந்தது.

"சார், பிரமைன்னு போட்டா அங்க தானா தூக்க மருந்து இறங்குது. கட்டிலையும் சமமாக்கிடுது. மயக்கத்துல படுத்திருக்கிறவளால இருமக்கூட முடியாது. பால் நேரா நுரையீரலுக்குப் போகும். புரைன்னு போட்டா பால் நிக்கும், தலைப்பக்கம் உயரும், ஆள் ஓடி வரும். செத்துப்போறதுக்கும் பொழைக்கிறதுக்கும் நடுவுல நம்ம பொத்தான்தான் இருக்கு."

"டாக்டருக்குக் கேள்வி அனுப்புங்க," என்றார் குலசேகரன். "ஆனா பதிலைக் கேள்விக்குள்ள வெச்சு அனுப்பாதீங்க. அது தெரியும்ல?"

தெரியும். புரையேற்றமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது மருத்துவரின் வாயில் சொல்லைத் திணிப்பதாகும். பிலோமினா விதிக்கு உட்பட்டு எழுதினாள்: முதல் கட்டத்தில் உள்ள கூற்றின் மருத்துவப் பொருளைத் தெளிவுபடுத்தவும். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் கேட்க நேர்ந்த அந்த வாக்கியத்தை எழுதும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது. கணக்கற்ற கட்டில்களுக்கு ஒரு மருத்துவர். அவர் சார்பிலும் ஒரு மென்பொருளே பதில் எழுதியது. பதில் உடனே வந்தது. 'நோயாளியின் கூற்று ஏற்கெனவே பதிவாகியுள்ள பிரமையோடு பொருந்துகிறது.' பதிவு செய்தது அவளுடைய பொத்தான். அவள் போட்ட குறியீடே அவளுக்கு எதிரான சாட்சியாகத் திரும்பி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வழக்கம்போல் மணிகண்டம் சாலையிலுள்ள பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய அக்கா ஸ்டெல்லா படுத்திருந்தாள். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று அவள் ஊர்ப்பெயர் சொன்னால் மறுகோடியில் பூ வாங்கிக்கொண்டிருப்பவரும் ஓடி வருவார். பக்கவாதம் முதலில் எடுத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். பேசிக்கொண்டே சாப்பிடுவதும், சிரித்துக்கொண்டே பேசுவதும் அவள் பழக்கம், சிறுவயதிலிருந்தே. நாள்தோறும் புரையேறும். தலையில் தட்டுவது தங்கையின் வேலை. உயரம் எட்டாமல் முக்காலியில் ஏறி நின்று தட்டிய காலமும் உண்டு. யாரோ நினைக்கிறார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால், "வேற யாரு, நான்தான்," என்பாள் பிலோமினா, அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

இங்கே ஸ்டெல்லாவின் மூக்கிலிருந்து குழாய் இறங்கியிருந்தது. தலைமாட்டில் பம்ப் மெல்ல முனகியது. சென்ற மாதம்வரை பிலோமினாவைக் கண்டதும் அகலும் கண்கள் இப்போதெல்லாம் பாதி மூடியே கிடந்தன.

மருந்தை எப்போது கூட்டினார்கள் என்று பணிப்பெண் டெய்சியிடம் கேட்டாள். சில வாரமாக என்றாள் டெய்சி. ஏன் என்று கேட்டதற்கு, நாலு கட்டிலுக்கு அப்பால் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எங்களுக்கு என்னங்க தெரியும். குழாயே எழுதிடுது. என்ன குடுக்கணும்னு மேலேருந்து வருது."

"மேலேன்னா?"

"மேலேதாங்க."

மேலே என்று டெய்சி கூரையைக் காட்டினாள். பிலோமினாவுக்கு மன்னார்புரத்துக் கட்டடத்தின் மேல்தளம் நினைவுக்கு வந்தது. வந்த நினைவை முழுதாக நினைத்து முடிக்க அவள் தன்னை அனுமதிக்கவில்லை. இருமல் ஒலி கேட்டது. ஒலி என்றும் சொல்ல முடியாது, தொண்டைக்குள் ஏதோ மடங்கி முறியும் அசைவு. ஸ்டெல்லாவின் முகம் சிவந்து கருத்தது. பிலோமினா ஒரு கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி நிறுத்தி, மறு கையால் உச்சந்தலையில் தட்டினாள். முக்காலியில் நின்று தட்டிய அதே தாளம் கைக்கு மறந்திருக்கவில்லை.

"யாரோ நெனைக்கிறாங்கக்கா," என்றாள். "வேற யாரு, நான்தான்."

மூச்சு சீராயிற்று. இமைகள் உயர்ந்து, கண்கள் ஒரு கணம் அவளைக் கண்டுகொண்டன. கழுத்தில் குழாய்க்கருகே ஏதோ அசைந்தது. ஒரு சொல் அளவுக்கு, இரண்டு சொல் அளவுக்கு.

"தொடாதீங்க மேடம், குழாய்ப் பதிவுல ஏறிடும்," என்று டெய்சி ஓடிவந்தாள். பிலோமினா கட்டிலின் தலைப்பக்கத்தைக் கையால் சுழற்றி உயர்த்திவைத்தாள். அவள் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்க்கையில் அது தானாகவே, அவசரமில்லாமல், யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் அழுத்துவதைப் போலச் சமநிலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறுபடி உயர்த்தினாள். மறுபடி இறங்கியது.

திங்கட்கிழமை காலை அந்தக் குறிப்பு அவள் திரையில் முதலாவதாக வந்து காத்திருந்தது. பெண், பக்கவாதம், மூக்குவழிக் குழாய். முதல் கட்டத்தில் வரி மாறியிருந்தது.

'யாரோ ஒருவர் என் தலையில் அடித்தார். என்னைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தவர் வந்துவிட்டார்.'

கடல்கடந்த நாடு எதுவும் இல்லை. பன்னிரண்டாம் எண் பேருந்தில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்திலிருந்துதான் அக்கா அவளை இத்தனை வாரங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒவ்வொரு முறையும் ஏற்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரியின் கீழே மென்பொருளின் பரிந்துரை ஒளிர்ந்தது. நோயாளி தாக்கப்பட்டதாகச் சந்தேகம், பிரமை தீவிரமடைகிறது. ஏற்றுக்கொண்டால் நடப்பவற்றையும் அது பணிவோடு சொன்னது: பார்வையாளர்களுக்குத் தடை, மயக்க மருந்து இரட்டிப்பு. ஸ்டெல்லாவின் தலையில் தட்ட உலகில் இருந்த ஒரே கையை இனி இல்லத்தின் வாசல் உள்ளே விடாது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு குலசேகரன் வந்து பின்னால் நின்றார். என்ன என்று கேட்டார். அவள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிறு, தட்டியது, இறங்கிய கட்டில். அவர் திரையைப் படித்தார்; உதடு அசையாமல் படித்தார்.

"ஐயோ," என்றார். பிறகு, பழக்கத்தின் பிடி தளராமல், "தெரிஞ்சவங்க குறிப்புன்னா நாம கையெடுத்துடணும், பிலோமினா. அதான் ரூல். பர்வீனுக்கு மாத்திடறேன். மெதுவா மேல எழுதிக் கேப்போம்."

"மாத்துனா பர்வீன் என்ன சார் பண்ணுவா?"

இருவரும் பர்வீனைப் பார்த்தார்கள். அவள் யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டே, கண்ணைத் திரையின் கீழ்ப்பகுதியில் வைத்து, விரலால் ஏற்கிறேன், ஏற்கிறேன் என்று அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய திரைகளின் முதல் கட்டங்களிலும் வரிகள் இருந்தன. யாருடைய அக்கா, யாருடைய அப்பா என்று தெரியாத வரிகள். அந்தக் கூடத்தில் ஒவ்வொருவர் வீட்டையும் சுற்றி எண்ணிப் பார்த்தால், எங்கோ ஒரு குழாயின் முனையில் ஒருவராவது படுத்திருக்கத்தான் வேண்டும். அவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்பதற்கு ஊதியம் வாங்கியவர்கள் கண்களால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க பிலோமினா," என்றார் குலசேகரன், கெஞ்சுவதைப் போல.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை ஆங்கிலத்தில் படிக்கவில்லை. அது எந்த நாவிலிருந்து புறப்பட்டதோ அந்த நாவின் மொழியில், சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்டெல்லா ஊர்ப்பெயர் சொல்லும் அதே இழுப்போடு, கடைசி வரிசைவரை கேட்கும்படி படித்தாள்.

"யாரோ தலையில தட்டுனாங்க. என்னை நெனைச்சவ வந்துட்டா."

விசைப்பலகைகளின் சத்தம் ஒவ்வோர் இடமாக நின்றது. பர்வீனின் விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. மற்றொரு கை அவளறியாமல் தன் உச்சந்தலைக்குப் போயிற்று. பிலோமினா திரையை மேலே தள்ளினாள். சென்ற வாரத்து வரி வந்தது. அதற்கு முந்திய வாரத்து வரி வந்தது. அவள் நிறுத்தாமல், ஒவ்வொன்றாக, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.